வாலியர் வீட்டில் என் தம்பி

பத்தாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடம் நடத்தும்போது என் கை தானாக முதுகுக்குக் கீழே போய்விடும். பிள்ளைகள் இதைக் கவனித்துவிட்டார்கள். போன வருடம் ஒருத்தி, "இடுப்பு வலியா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மீன், ஆமை, கோழி, மனிதன், நான்கின் கருவையும் வரிசையாக வரைந்த படம் ஒன்றைப் பலகையில் ஒட்டுவேன். நான்குக்கும் வால் இருக்கும். அதைப் பார்த்ததும் எவனாவது எழுந்து, "அப்ப சாமி பொய்யா டீச்சர்?" என்பான். இது பரீட்சைக்கு வராது, உட்கார் என்று அடக்கிவிடுவேன். பதில் இல்லாமல் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், அவனுக்கு அது பிடிக்காது.

எங்கள் ஊர் மலைமேல், புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். ஊருக்கு மேலே, சாமைக் கொல்லைகளைத் தாண்டினால் ஒரு மொட்டைப் பாறை வரும். அதன்மேல் வாலியர் வீடுகள் இருக்கின்றன. நான்கு பக்கமும் பலகைக் கல்லை நட்டு, மேலே ஒரே கல்லைக் கவிழ்த்து மூடிய சின்னச் சின்ன வீடுகள். உயரம் என் இடுப்பு வரைக்கும்தான் வரும். முன்கல்லில் ஒரு வட்ட ஓட்டை, ஒரு கைக்குழந்தை நுழையும் அளவுக்கு. ஒருமுறை கீழேயிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த இடம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊரில் ஒருத்தர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. செத்தவனுக்கு எதுக்கு வாசல் என்று கேட்டார்கள். இன்றைக்கு யோசித்தாலும் நியாயமான கேள்வியாகத்தான் தெரிகிறது.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வேடியப்பன் கோயில் பூசாரி. அவர் சொல்லும் கதை வேறு. படைச்சவன் முதன்முதலில் படைத்தது வாலியரைத்தானாம். முழங்கால் உயரம், முதுகுக்குக் கீழே ஒரு வால், தேவைக்கு மேலே புத்தி. கொஞ்ச நாளில் படைச்சவனுக்கே யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவனுக்குக் கோபம் வந்து நெருப்பு மழையை இறக்கினான். அது வரப்போவது தெரிந்து அவர்கள் கல்லில் வீடு கட்டி உள்ளே புகுந்துகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வாலை நறுக்கி, புத்தியையும் கொஞ்சம் குறைத்து, நம்மைப் படைத்தானாம். "உள்ள போனவங்க செத்தாங்களான்னு யாரும் பாக்கல" என்று முடித்துவிட்டுப் பெரியப்பா வெற்றிலையை எடுப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஐப்பசி அடைமழையில் தம்பி பிறந்தான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த ஜீப் மேலே ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டது. அப்பாவின் தங்கை, என் அத்தை, வீட்டிலேயே பிரசவம் பார்த்தாள். நான் கதவிடுக்கில் நின்றிருந்தேன். குழந்தை ஒரு தடவை அழுதது. அத்தை அதைத் துடைப்பதற்காகக் குப்புறத் திருப்பினாள். துணியோடு அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

என் சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்தது அந்த வால். இளஞ்சிவப்பு, எலும்பு இல்லை, நுனியில் லேசான வளைவு. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அது இன்னாது?" என்று கேட்டாள். அத்தை துணியை இழுத்து அதை மூடினாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தக் குழந்தை அழவே இல்லை. பசித்தாலும் அழவில்லை, ஈரத்தில் கிடந்தாலும் அழவில்லை. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. நாமும் நிமிர்ந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. அத்தை ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினாள். அது குடிக்கும்போது வால் மெதுவாக அசையும். நானே பார்த்தேன். அதற்குள் கொஞ்சம் தசை இருந்தது, அதனால்தான் அசைந்தது என்று பிற்பாடு டாக்டர்கள் சொன்னார்கள். ஒன்பது வயதில் தசையாவது மண்ணாவது, எனக்கு அந்த அறைக்குள் போகவே கால் வரவில்லை.

அப்பா ஊர் எல்லையில் சிக்னல் கிடைக்கும் வேறொரு பாறைமேல் ஏறி நின்று அம்மாவின் தங்கைக்குப் போன் போட்டார். சின்னம்மா அப்போது திருப்பத்தூரில் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், பாதி வழி ஜீப்பிலும் மீதி வழி நடந்தும் வந்து சேர்ந்தாள். குழந்தையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ கூத்து?" என்றாள். வேலூருக்குக் கொண்டுபோனால் எடுத்துவிடுவார்கள், முதலில் பிள்ளைக்குப் பால் கொடு என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சுவரைப் பார்த்தபடியே, "அது என்னுதில்ல. வூட்டுக்கு வெளிய வெய்யி" என்றாள்.

அது அம்மாவின் குரலே இல்லை. சின்னம்மா அரை நாள் மன்றாடினாள். தன் புத்தகத்தைக் கொண்டுபோய் அம்மாவின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே வந்து அப்பாவிடம் சின்னம்மா சொன்னது எனக்குக் கேட்டது. பிள்ளையின் உதடு காய்ந்துவிட்டது, தாய்ப்பால் இல்லாமல் போனால் வேலூர் போய்ச் சேருகிறவரைக்கும்கூட இது தாங்காது என்றாள். அப்பா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

என் முகத்தைப் பார்த்து சின்னம்மாவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கருப் படத்தைக் காட்டினாள். "வயித்துல இருக்கறப்ப உனக்கும் வால் இருந்துச்சுடி. அப்புறம் அதுவே கரைஞ்சுபோச்சு. இவனுக்குக் கரையல, அவ்ளோதான்" என்றாள். நல்ல ஆறுதல் சொன்னாள் போங்கள். நான் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய் முதுகுக்குக் கீழே தடவிப் பார்த்தேன். உள்ளே எலும்பு ஒன்று முட்டாக நின்றது. பெரியப்பா நறுக்கிவிட்டதாகச் சொல்கிறார், சின்னம்மா கரைந்துவிட்டதாகச் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே கதையைத்தானே சொல்கிறார்கள், பிறகு எதற்கு முறைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. தம்பி வாலியர் பிள்ளை என்றால் நானும் அவர்கள் பிள்ளைதான். அவனைத் தேடி வருகிறவர்கள் என்னையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

மறுநாள் அம்மாவே பெரியப்பாவைக் கூப்பிட்டனுப்பினாள். மலையில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் யாருமில்லை, எல்லோருக்கும் தெரியும். யார் பிள்ளை என்று சந்தேகம் வந்தால் வாலியர் வீட்டுக்குள் கிடத்த வேண்டும். பெற்றவள் வளையல், தாலி ஒன்றும் இல்லாமல், அந்தக் கல்வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஒரு சாண் தேங்காய் நார்க்கயிற்றைக் கொளுத்திவிடுவார்கள். அது புகைந்து தீர்வதற்குள் பிள்ளை அழுதால் அது மனுசப்பிள்ளை, தாய் எடுத்துக்கொள்ளலாம். அழாவிட்டால் அவர்கள் பிள்ளை. வாசலைக் கல்லால் அடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

"அடைக்கறதுக்கு எவனாவது கல்லுல கை வெச்சா போலீசுக்குப் போன் போடுவேன்" என்றாள் சின்னம்மா.

"அங்க சிக்னல் கெடைக்காதும்மா" என்றார் பெரியப்பா, உண்மையான அக்கறையோடு.

ஆனால் அம்மா பிடிவாதமாக இருந்தாள். அங்கே கொண்டுபோய்ப் பார்க்காமல் அதைத் தொடமாட்டேன் என்றாள். சின்னம்மா ராத்திரி முழுக்க யோசித்திருப்பாள்போல. காலையில் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, கல் சில்லென்று இருக்கும், பச்சை உடம்பு தாங்காது, இரண்டு நிமிடத்தில் கத்திவிடும் பாருங்கள் மாமா என்றாள். கத்தினால் அக்கா பால் கொடுத்துவிடுவாள், அன்றைக்கே வேலூர் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். படைச்சவன் அழவைப்பான் என்று பெரியப்பாவுக்கு நம்பிக்கை. குளிர் அழவைக்கும் என்று சின்னம்மாவுக்கு நம்பிக்கை. இரண்டு பேரும் ஒரே குடைக்குள் மலையேறிப் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என்னை அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து நாள் கண்விழித்த அத்தை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். நான் சாமைக் கொல்லை வழியாகக் குறுக்கே ஏறினேன். அழாவிட்டால் அடைத்துவிடுவார்கள் என்பதைத் தவிர என் தலையில் வேறொன்றும் இல்லை. தம்பிமேல் பாசம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவனை அடைத்துவிட்டால் அடுத்தது என் முறை என்ற பயம்தான்.

மேலே பனி இறங்கி மூடியிருந்தது. பகல்தான், ஆனால் ஐந்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கல்வீடுகள் ஒவ்வொன்றாகத் திடீரென்று முன்னால் வந்து நின்றன. எல்லாவற்றின் வாசலும் என் பக்கமே திரும்பியிருப்பதுபோல் இருந்தது. மனிதர்கள் இருக்கும் திசையை நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், கயிறு புகைகிற நாற்றம். உச்சிப்பொழுதில்தான் செய்ய வேண்டும் என்பது வழக்கமாம். சூரியனே இல்லாததால் பெரியப்பா செல்போனில் மணி பார்த்துக் கொளுத்தியிருந்தார். கிட்டே போனதும்தான் தெரிந்தது: கொஞ்சம் தள்ளி ஒரு கடுக்காய் மரத்தடியில் அவரும் சின்னம்மாவும் நிற்க, கயிறு தூறலில் அணைந்துவிடாமல் அப்பா அதற்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தலை நனைந்துகொண்டிருந்தது. கயிறு இரண்டு விரற்கடைதான் மிச்சம்.

குழந்தை அழவில்லை. சின்னம்மா சொன்ன இரண்டு நிமிடம் எப்போதோ போய்விட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாசலுக்குப் பக்கத்தில் அடைக்கிற கல்லைத் தயாராகச் சாய்த்துவைத்திருந்தார்கள். அம்மா பக்கவாட்டில், கல்வீட்டுக்கு முதுகைக் காட்டி, பனிக்குள் நிழல்போல் உட்கார்ந்திருந்தாள்.

நான் குனிந்து பின்பக்கமாகச் சுற்றினேன். இரண்டு பலகைக் கல் சேருகிற மூலையில் ஒரு சந்து இருந்தது. என் கை தோள் வரைக்கும் உள்ளே போனது. உள்ளே காற்றே இல்லை, பழைய தானியக் குதிருக்குள் கை விட்டால் வருமே அப்படி ஒரு வாடை வந்தது. துழாவினேன். துணி பட்டது. பிறகு ஒரு குட்டிக் கால் பட்டது, கல்லைப்போல் சில்லிட்டிருந்தது. செத்துவிட்டானோ என்று நினைத்தேன். தொடையைத் தேடிப் பிடித்துக் கிள்ளப்போனேன்.

அங்கே இன்னொரு கை இருந்தது.

தம்பியின் கை இல்லை. நீளமான விரல்கள், நனைந்து சுருங்கியிருந்தன, குளிர்ந்து கிடந்தன. என் விரல் பட்டதும் அது அசையாமல் நின்றது. நானும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்த விரல்கள் மெல்லத் திறந்து என் கையின்மேல் வந்தன, ஒவ்வொரு விரலாகத் தடவின, என்னிடம் எத்தனை விரல் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதைப்போல. நான் கையில் அகப்பட்ட சதையை என் பலத்தையெல்லாம் திரட்டிக் கிள்ளிவிட்டு, கையை உருவிக்கொண்டு ஓடினேன். முழங்கை தோல் உரிந்தது. பின்னால் தம்பி வீரிட்டு அழுகிற சத்தம் கேட்டது. பனிக்குள் அந்தச் சத்தம் எல்லாக் கல்வீடுகளிலிருந்தும் வருவதுபோல் இருந்தது.

பாறையோரச் சாமைத் தாளுக்குள் விழுந்து கிடந்துகொண்டு, பனி விலகிய இடைவெளியில் பார்த்தேன். அம்மா வாசலுக்குள் இரண்டு கையையும் விட்டு அவனை இழுத்தெடுத்தாள். அங்கேயே, அந்தத் தூறலிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். அப்பா குடையைக் கீழே போட்டுவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"படைச்சவன் சொல்லிட்டான்" என்றார் பெரியப்பா. "குளிருன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள் சின்னம்மா. இரண்டு பேருக்குமே பரம திருப்தி. இன்று வரைக்கும் இரண்டு பேரும் அவரவர் வழியில் ஜெயித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் வெந்நீரில் குளிப்பாட்டும்போது சின்னம்மா குழந்தையின் உடம்பில் சிவந்த தடிப்பு இரண்டைப் பார்த்தாள். தொடையில் ஒன்று, புஜத்தில் ஒன்று. "இன்னாக்கா இது?" என்றாள். "எறும்பு கடிச்சிருக்கும்" என்றாள் அம்மா, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே. தொடையில் இருந்தது என்னுடையது. மற்றது யாருடையது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மழை விட்டதும் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கெடுதல் ஒன்றுமில்லை என்று சொல்லி வாலை எடுத்துவிட்டார்கள். தம்பி இப்போது பதினொன்றாம் வகுப்பு, கபடி ஆடுகிறான், வீட்டில் யார் பேச்சையும் கேட்பதில்லை. நான் சின்னம்மா படித்ததையே படித்தேன். கரு எப்படி வளர்கிறது, வால் எந்த வாரத்தில் மறைகிறது, சிலருக்கு ஏன் மறைவதில்லை, எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கையை மட்டும் எந்தப் பாடத்திலும் பொருத்த முடியவில்லை. தம்பியின் விரலைத்தான் தொட்டிருப்பேன், பயத்தில் பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்து நாள் பிள்ளைக்கு ஏது அவ்வளவு நீள விரல்.

போன மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவும் நானும் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு அறுப்புக்கும் அம்மா அந்தக் கல்வீட்டு வாசலில் ஒரு படி சாமை வைத்துவிட்டு வருவாள். ஊரில் வேறு யாரும் வைப்பதில்லை. "பொண்ணு பரிணாமம் நடத்துறா, அம்மா வாலியருக்குப் படி அளக்கறா" என்று கிண்டல் செய்தேன். அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த புளியைத் தட்டி முடித்தாள்.

"உங்கப்பாக்குக்கூட சொன்னதில்ல" என்றாள். "அன்னிக்கு நான் முதுகுக்குப் பின்னால இருந்த கல்லு சந்துல கைய வுட்டேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்கு? கிள்ளத்தான். கயிறு தீர்ற நாத்தம் வருது, அது அழல. எனக்கா, பால் தானா கசிஞ்சு ரவிக்க நனைஞ்சுபோச்சு. என் ஒடம்பு அதத் தன் புள்ளன்னு ஏத்துக்கிச்சு. அப்புறம் யாரு புள்ளயா இருந்தா இன்னா?"

நான் புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"உள்ள ஏற்கெனவே ஒரு கை இருந்துச்சு" என்றாள் அம்மா. "சின்னக் கை. தடவிப் பாத்தேன், நம்ம மாதிரியேதான், அஞ்சு வெரலு. சூடா இருந்துச்சு. அவங்க புள்ளய அவங்க எடுத்துக்க வந்துட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. தர மாட்டேன், நான் வளத்துக்கறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினு புள்ள கைய இறுக்கிப் புடிச்சேன். அப்ப அந்தக் கையே அவனைக் கிள்ளி வுட்டுச்சு, நானும் கிள்ளினேன். அவங்களே வுட்டுக் குடுத்துட்டாங்க. ஒரு படி சாமை வெச்சா இன்னா கொறஞ்சுபூடும்?"

அது நான்தாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அடுத்த புளியை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன்.

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாமல் போனது அந்தக் கை யாருடையது என்பது மட்டும் இல்லை, அது எதற்காக வந்தது என்பதும்தான். அன்றைக்கு அந்தக் கல்லுக்குள் நாங்கள் இரண்டு பேருமே வாலியரின் கையைத்தான் தொட்டோம் என்று நம்பினோம். நான் உருவிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அம்மா கையை எடுக்கவில்லை.